பிரான்ஸ் பிரதமராக இருந்த பைரூ யார்? தோற்கப் போவது தெரிந்தே ஏன் நம்பிக்கை ஓட்டு கேட்டார்?

மாயவரம்_மாடிவீடு

வணக்கம். சொந்த ஊர் மயிலாடுதுறை. வேலைக்காகக் காரைக்காலில், பாரதியார் வீதியை ஒட்டிய ஒரு சந்தில் மாடி போர்ஷனில் இருக்கிறேன். கீழ் வீட்டில் ஹவுஸ் ஓனர் தாத்தா. பிரெஞ்சுக் குடியுரிமை, பிரெஞ்சு பென்ஷன். போன திங்கட்கிழமை, 2025 செப்டம்பர் 8, சாயங்காலம் ஆறரைக்குப் பிரெஞ்சு சேனலைப் போட்டு உட்கார்ந்தவர் ராத்திரி பத்தரைக்கும் எழுந்திருக்கவில்லை. வாடகை கொடுக்கப் போனேன். "எதிர்த்து 364, ஆதரவா 194. போயிட்டான் பைரூ" என்றார். வழக்கமாகப் பணத்தை இரண்டு தடவை எண்ணுகிறவர், அன்றைக்கு வாங்கி அப்படியே மேஜையில் வைத்துவிட்டார்.

நெட்டில் தேடினால் "மையவாதத் தலைவர் பிரான்சுவா பைரூவின் ஆட்சி கவிழ்ந்தது" என்பதற்கு மேல் தமிழில் ஒன்றும் கிடைக்கவில்லை. தோல்வி நிச்சயம் என்று எல்லாருக்கும் முன்பே தெரிந்திருந்ததாமே, அப்புறம் ஏன் தானாகப் போய் ஓட்டெடுப்பு கேட்டார்? நம் ஊர் அரசியலில் யாரைப் போல என்று வைத்துக்கொள்வது? தாத்தாவிடமே கேட்கலாம்தான். ஆனால் அவர் அந்தக் கால அதிபர் தெ கோல் காலத்தில் ஆரம்பித்தால் இந்தக் காலத்துக்கு வந்து சேர விடிந்துவிடும்.

பென்ஷனுக்கு ஏதாவது பாதிப்பு உண்டா என்பதையும் யாராவது சொல்லுங்கள். தாத்தா முகம் தொங்கியது அதனால்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.


குடந்தை_டபரா

சுருக்கமாகச் சொன்னால், பிரான்சின் மூப்பனார்.

கிராமத்து விவசாயக் குடும்பம். இரண்டு பெரிய கட்சிகளுக்கு நடுவில் தனிக் கட்சி. எல்லாரும் மரியாதையாகப் பேசுவார்கள், ஓட்டு மட்டும் போட மாட்டார்கள். மூப்பனாரின் த.மா.கா. 1996இல் திமுகவோடு சேர்ந்தபோது 39 எம்.எல்.ஏ., 20 எம்.பி. 1999இல் இரண்டு பக்கமும் வேண்டாம் என்று தனியாக நின்றதும் மக்களவையில் ஒரு இடம்கூட இல்லை. பைரூ கதையும் கிட்டத்தட்ட அதுதான்.


திருப்பட்டினம்_கடைமடை

தம்பி, குடந்தைக்காரர் சொன்னது பாதிதான் பொருந்தும். மற்ற பாதியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் இந்த மனிதருக்கு ஓட்டுப் போட்டவன். 2007இல் பாரிஸ் பக்கம் வேலையில் இருந்தபோது அங்கே, 2012இல் ஓய்வு பெற்று வந்த பிறகு காரைக்கால் சாவடியில். என் தகப்பனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இந்தோசீனாவுக்குப் போய் வந்தவர். 1962இல் காரைக்கால் இந்திய யூனியனோடு சட்டப்படி இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த ஒரு கையெழுத்தில் வந்ததுதான் என் பாஸ்போர்ட், பென்ஷன், பைரூ எல்லாம். இப்போது திருப்பட்டினத்தில் அப்பா விட்டுப்போன ஆறு மா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். குறுவைக்கு அறுப்பு மிஷின் வரும்வரை சும்மாதான் இருக்கிறேன், அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

மூப்பனார் பண்ணையார் வீட்டுப் பிள்ளை. பைரூ அப்படி இல்லை. 1951இல் பிரனீஸ் மலையடிவாரத்தில், போ என்ற நகரத்துக்கும் லூர்து மாதா கோவிலுக்கும் நடுவில் இருக்கும் பொர்தேர் என்ற சின்னக் கிராமத்தில் பிறந்தார். அப்பா அந்த ஊர் மேயர், ஆனால் கையால் உழைத்த விவசாயி. சின்ன வயதில் பைரூவுக்குத் திக்குவாய். இன்றைக்கும் கவனித்துக் கேட்டால் ஒரு வார்த்தைக்கு முன்னால் கண நேரம் நின்று, சுற்றி வந்து, பிறகு அதைச் சொல்வார். பழகாதவர்கள் யோசிக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

லத்தீன், கிரேக்கம் படித்தார். ஆசிரியர்களுக்கு அங்கே நாட்டளவில் ஒரு போட்டித் தேர்வு உண்டு. நம் சிவில் சர்வீஸ் மாதிரி வடிகட்டிவிடும். 1974இல், 23 வயதில் அதில் தேறினார். அதே வருஷம் அப்பா வைக்கோல் பாரத்தின் மேலிருந்து விழுந்து இறந்துபோனார். இது நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வண்டியில் பாரம் கட்டும்போது மேலே நிற்பவன் காலுக்கடியில் இருப்பது வெறும் வழுக்கல். கீழே இருப்பவன் கயிற்றை ஒரு இழுப்பு கூடுதலாக இழுத்தால் போதும். பையன் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டே பண்ணையையும் பார்த்துக்கொண்டான். பிற்பாடு தேர்தல் நேரத்தில் டிராக்டரில் ஏறி உட்கார்ந்தபோது பாரிஸ் பத்திரிகைக்காரர்கள் கிண்டல் செய்தார்கள். எனக்கு மட்டும் அது வேஷமாகத் தெரியவில்லை. இன்றைக்கும் பந்தயக் குதிரை வளர்க்கிறார். அந்தப் பக்கத்துப் பெயார்னே பேச்சும் சரளமாக வரும்.

போ ஊர்க்கோட்டையில்தான் நான்காம் ஹென்றி ராஜா பிறந்தார். புராட்டஸ்டன்டாக இருந்து கத்தோலிக்கராக மாறி, 1598இல் நான்த் ஆணை போட்டு மதச் சண்டையை நிறுத்திய ராஜா. பைரூவுக்கு அவர்தான் குலதெய்வம். அவரைப் பற்றி எழுதிய புத்தகம் நன்றாக விற்றது. சண்டை போடும் இரண்டு கூட்டத்துக்கு நடுவில் நின்று நாட்டை நடத்த முடியும் என்ற நம்பிக்கை அங்கிருந்து வந்ததுதான் என்று நான் நினைக்கிறேன். ஹென்றி முதலில் போரில் ஜெயித்துவிட்டுத்தான் சமாதானம் பேசினார். அதை இவர் எப்போதும் கொஞ்சம் மறந்துவிடுவார்.

அரசியலில் கிறிஸ்தவ ஜனநாயகப் பாரம்பரியம். 1986இல் எம்.பி., 1993 முதல் 1997 வரை கல்வி மந்திரி. தனியார் பள்ளிகளுக்கு ஊராட்சிகள் தாராளமாகப் பணம் கொடுக்க வழி செய்யும் சட்டம் கொண்டுவந்தார். 1994 ஜனவரி 16இல் பாரிஸ் தெருக்களில் லட்சக்கணக்கில் கூட்டம். அதற்குள் அரசியல் சாசன மன்றமும் சட்டத்தின் முக்கியப் பகுதியை ரத்து செய்துவிட்டது. அதற்குப் பிறகு ஆசிரியர் சங்கங்களை அனுசரித்தே போனார்.

சரி, நடுவில் நின்ற கதைக்கு வருவோம். 2002இல் அதிபர் சிராக் வலதுசாரிகளை எல்லாம் ஒரே கட்சியாகச் சேர்த்தார். இவர் மட்டும் மாட்டேன் என்றார். அந்த வருஷ அதிபர் தேர்தலில் 6.84 சதவீதம். பிரச்சாரத்தில் ஸ்ட்ராஸ்பூரில் ஒரு பொடியன் பாக்கெட்டில் கைவிட, பளீரென்று ஒரு அறை விட்டார். கேமரா பார்த்துக்கொண்டிருந்தது. திட்டுவார்கள் என்று நினைத்தால் செல்வாக்கு கூடியது!

2007தான் உச்சம். இடது பக்கம் செகோலென் ருவாயால், வலது பக்கம் சர்கோசி. பைரூ 18.57 சதவீதம் வாங்கி மூன்றாவதாக வந்தார். கிட்டத்தட்ட 68 லட்சம் ஓட்டு. தேர்தலுக்கு முந்தைய கணிப்புகளைப் பார்த்தால் வயிறு எரியும். இரண்டாம் சுற்றுக்கு மட்டும் வந்துவிட்டால் இரண்டு பேரில் யாரை எதிர்த்தாலும் இவர்தான் ஜெயிப்பார் என்றன. ஆனால் முதல் சுற்றில் முதல் இரண்டு இடம் பிடித்தவர்களுக்குத்தான் இரண்டாம் சுற்று. பெண் வீட்டில் அத்தனை பேருக்கும் இரண்டாவதாகப் பிடித்த வரன் மாதிரி. எல்லாரும் நல்ல பையன் என்பார்கள், தாம்பூலம் வேறு வீட்டுக்குப் போய்விடும்.

அதற்கப்புறம் கூடாரம் காலி. அவருடைய எம்.பி.க்கள் பெரும்பாலோர் சர்கோசி பக்கம் தாவினார்கள். அவர்களைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. எம்.பி. தேர்தலும் தொகுதிவாரியாக இரண்டு சுற்று. வலதுசாரி ஆள் ஒதுங்கி வழிவிட்டால்தான் நடுக்காரன் ஜெயிக்க முடியும். பைரூ மொதெம் என்று புதுக் கட்சி தொடங்கினார். 68 லட்சம் ஓட்டு வாங்கியவரின் கட்சி எம்.பி.க்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். வாங்கிய ஓட்டுக்கு ஏற்ப இடம் தரும் விகிதாசார முறை வேண்டும் என்று அவர் வாழ்நாள் முழுக்கக் கத்தியதற்குக் காரணம் இதுதான்.

2012இல் 9.13 சதவீதம். இரண்டாம் சுற்றில் என் சொந்த ஓட்டு இடதுசாரி வேட்பாளர் ஒலாந்துக்கு என்று வெளிப்படையாகச் சொன்னார். வலதுசாரிகள் துரோகி என்றார்கள். ஒலாந்தின் கட்சி என்ன செய்தது தெரியுமா? அடுத்த மாதம் எம்.பி. தேர்தலில் அவருக்கு எதிராக ஆள் நிறுத்தி, 1986 முதல் அவர் கோட்டையாக இருந்த ஊரிலேயே தோற்கடித்தது. நன்றி என்ற பண்டம் அந்தக் கடையில் விற்பதில்லை.

மீதியை நாளை எழுதுகிறேன், மிஷின்காரன் போன் பண்ணுகிறான்.


மாயவரம்_மாடிவீடு

அய்யா, ரொம்ப நன்றி. 18 சதவீதம் வாங்கியும் விரல்விட்டு எண்ணும் அளவுதான் என்றால், 2006இல் விஜயகாந்த் 8 சதவீதத்துக்கு மேல் வாங்கி ஒரே ஒரு தொகுதியில் ஜெயித்தாரே, அந்த மாதிரி. அப்புறம் 2011இல் அதிமுகவோடு கூட்டணி வைத்ததும் 29 இடம், எதிர்க்கட்சித் தலைவர் பதவி. பைரூவும் கடைசியில் அப்படித்தான் சேர்ந்தாரா?


திருப்பட்டினம்_கடைமடை

சரியாகப் பிடித்தீர்கள். அவர் சேர்ந்த இடம் மக்ரோன்.

நடுவில் 2014இல் போ நகர மேயர் ஆனார். அதுவும் துரோகி என்ற அதே வலதுசாரிகளின் ஆதரவோடு. மேயராக மனிதர் மோசமில்லை. ஹைட்ரஜனில் ஓடும் பஸ்ஸுக்குத் தனிப் பாதை போட்டு 2019இல் ஓட விட்டார்.

2017 பிப்ரவரியில், நான்காவது முறையும் நிற்பார் என்று எல்லாரும் எதிர்பார்த்திருக்க, நான் நிற்கவில்லை, மக்ரோனோடு கூட்டணி என்றார். அதுவரை தள்ளாடிக்கொண்டிருந்த மக்ரோனுக்கு அங்கிருந்துதான் ஏறுமுகம். மக்ரோன் அதிபர், பைரூ நீதி மந்திரி. ஜூன் 18இல் மொதெம் 40க்கு மேல் எம்.பி.க்களைப் பெற்றது, வரலாற்றிலேயே முதல் தடவை. மூன்று நாள் கழித்து, 21ஆம் தேதி, பைரூ ராஜினாமா! ஐரோப்பியப் பாராளுமன்றம் சம்பளம் கொடுத்த உதவியாளர்களைக் கட்சி வேலைக்குப் பயன்படுத்தியதாக மொதெம் மீது விசாரணை. அப்போது அவர் கையில் இருந்த மசோதா, அரசியல்வாதிகளின் ஒழுக்கத்தைச் சரி செய்யும் மசோதா. கதை எழுதுகிறவன்கூட இப்படி எழுதத் தயங்குவான். 2024 பிப்ரவரியில் சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை செய்தார்கள், அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது.

இனி உங்கள் கேள்வி. 2024 ஜூனில் மக்ரோன் சபையைக் கலைத்தார். வந்த சபையில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. இடது, நடு, தீவிர வலது என்று மூன்று கூறு. டிசம்பரில் பிரதமர் பார்னியே ஆட்சி கவிழ்ந்தது. 13ஆம் தேதி, 73 வயதில், பைரூ பிரதமர். இங்கேதான் மூப்பனாரோடு கணக்கு உதைக்கிறது. 1997இல் பிரதமர் நாற்காலிக்கு மூப்பனார் பெயர் அடிபட்டது, கைக்கு வரவில்லை, அவரும் சண்டை போடவில்லை. பைரூ விடாப்பிடியாக நின்று வாங்கியவர்.

கடன்தான் அவருடைய பழைய பாட்டு. 2007 பிரச்சாரத்திலேயே நாடு கடனில் மூழ்குகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார், யாரும் கேட்கவில்லை. 2025இல் அது 3.3 லட்சம் கோடி யூரோ, ஆண்டு உற்பத்தியில் 114 சதவீதம். ஜூலை 15இல் கிட்டத்தட்ட 4,400 கோடி யூரோ மிச்சம் பிடிக்கும் திட்டத்தை வைத்தார். பென்ஷன், உதவித்தொகை எல்லாம் அடுத்த வருஷம் விலைவாசிக்கு ஏற்ப உயராமல் அப்படியே நிற்கும். இரண்டு அரசு விடுமுறை ரத்து. நாடு கொதித்தது. செப்டம்பர் 10இல் எல்லாவற்றையும் முடக்குவோம் என்று அழைப்பு.

காத்திருந்தால் பார்னியேவைப் போல பட்ஜெட்டில் கவிழ்த்திருப்பார்கள், அவர்கள் குறித்த நாளில், அவர்கள் சொல்லும் காரணத்துக்காக. இவர் ஆகஸ்ட் 25இல் தானே நாள் குறித்தார். திட்டத்தை விடுங்கள், கடன் ஆபத்தா இல்லையா என்பதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்றார். அன்றைக்கே இடதும் தீவிர வலதும் எதிர்ப்போம் என்று சொல்லிவிட்டன. ஓட்டெடுப்பில் கூட்டணியில் இருந்த வலதுசாரிகளிலேயே சிலர் எதிர்த்துப் போட்டார்கள். 1958 முதல் நடக்கும் ஐந்தாம் குடியரசில் தானே கேட்ட நம்பிக்கை ஓட்டில் வீழ்ந்த முதல் பிரதமர் இவர். என் கணிப்பு, அவருக்கு ஆட்சியைவிட "நான் அப்போதே சொன்னேன்" என்ற பெயர் முக்கியமாகிவிட்டது. வாத்தியார் புத்தி. நோயைச் சரியாகச் சொன்னார், மருந்தைக் குடிக்க வைக்க ஒரு ஆளைக்கூடச் சேர்க்கவில்லை.


சார்செல்_நர்ஸ்

அய்யா, எனக்குப் பூர்வீகம் நிரவி. பாரிஸ் பக்கம் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நீங்கள் அவரை ரொம்ப அழகாக எழுதிவிட்டீர்கள், இங்கே சம்பளத்துக்கு வேலை செய்பவர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள்.

அந்த இரண்டு விடுமுறை எவை? ஈஸ்டர் திங்கள், மே 8. ஏற்கனவே 2003 வெயிலில் முதியவர்கள் கூட்டம் கூட்டமாக இறந்த பிறகு, பெந்தெகொஸ்து திங்கட்கிழமையை முதியோர் நலனுக்கு என்று சொல்லிச் சம்பளமில்லாத வேலை நாளாக மாற்றினார்கள். நாங்கள் வார்டில் நின்று அந்தப் பணத்தை உழைத்துக் கொடுக்கிறோம். மறுபடி இரண்டு நாள் என்றால் வாய் எப்படிச் சும்மா இருக்கும்?

போன டிசம்பரில் பதவிக்கு வந்த மறுநாளே இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சு மயோத் தீவில் சீடோ புயல். தகரக் குடிசைகள் எல்லாம் மண்ணோடு மண். பிரதமர் எங்கே? போ நகராட்சிக் கூட்டத்துக்கு அரசு விமானத்தில் போய்விட்டார், மேயர் பதவியையும் விடவில்லை. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது வேதாரண்யத்தில் என் அத்தை வீட்டுத் தென்னை ஒன்று மிச்சமில்லை. அந்த நேரத்தில் பெரிய நாற்காலியில் இருப்பவர் சொந்த ஊர்க் கூட்டத்துக்குப் போனால் எப்படி இருக்கும் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பெத்தராம் பள்ளியை நீங்கள் தொடவே இல்லை. போ பக்கத்துக் கத்தோலிக்கப் பள்ளி. பல பத்தாண்டுகளாகக் குழந்தைகளை அடித்தும் பாலியல் கொடுமை செய்தும் இருக்கிறார்கள், 200க்கு மேல் புகார். அவர் பிள்ளைகள் படித்த இடம், புகார் கிளம்பிய 1996இல் அவர் கல்வி மந்திரி. பாலியல் கொடுமை பற்றி எனக்குத் தெரியாது என்றார். மே மாதம் பாராளுமன்றக் குழு கூப்பிட்டுப் பல மணி நேரம் விசாரித்தது. அவருடைய மூத்த மகளே, சிறுவயதில் ஒரு பாதிரியார் என்னை அடித்தார், அப்பாவிடம் சொல்லவில்லை என்று வெளியே வந்து சொன்னார். அதைத் தொலைக்காட்சியில் பார்த்த ராத்திரி என் பிள்ளைகளை எழுப்பி, பள்ளிக்கூடத்தில் யாராவது ஏதாவது செய்கிறார்களா என்று கேட்டேன்.


திருப்பட்டினம்_கடைமடை

அம்மா, பெத்தராம் விஷயத்தில் அவருக்காக வாதாட எனக்கு மனம் இல்லை. மந்திரியாக இருந்தவர், அந்த ஊர்க்காரர், விசாரித்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

மே 8 பற்றி எனக்கே கோபம். ஹிட்லர் படை சரணடைந்த நாள். என் தகப்பனார் உயிரோடு இருந்தவரை அன்றைக்கு வெள்ளைச் சட்டையில் மெடல்களைக் குத்திக்கொண்டு, வெயிலில் குடைகூடப் பிடிக்காமல் கிளம்புவார். மெடல் ஊசி இழுத்துச் சட்டைப் பை ஓரம் கிழிந்து, அம்மா உள்பக்கம் துண்டுத் துணி வைத்துத் தைத்திருப்பார். பணம் மிச்சம் பிடிக்க அந்த நாளையா தொடுவது? அந்தத் திட்டத்தை ஜூலையில் கேட்டபோது, இந்த ஆளுக்கா ஓட்டுப் போட்டோம் என்றுதான் இருந்தது.

ஆனால் கடன் கணக்கில் அவர் சொன்னது சரி. அதை இன்னொரு தடவை சொல்லிவிடுகிறேன்.


குடந்தை_டபரா

மூப்பனார் ஒப்பீட்டை நான் விடுவதாக இல்லை. நாற்காலியை விடாப்பிடியாக வாங்கியவர் ஒன்பது மாதம்கூட முழுசாக உட்காரவில்லை. வாங்காதவர் பெயர் அவர் சொந்த ஊர் கபிஸ்தலத்தில் இன்னும் நல்லபடியாகத்தான் இருக்கிறது.


திருப்பட்டினம்_கடைமடை

அது உங்கள் ஊர்ப் பாசம், இருக்கட்டும்.

மாயவரம் தம்பி, பென்ஷன் கேள்வி விட்டுப்போயிற்று. உயர்வை நிறுத்தும் திட்டம் பைரூவின் அறிவிப்பாகத்தான் இருந்தது, சட்டம் ஆகவில்லை. ஏற்கனவே வருகிற தொகையைக் குறைப்பதாக அவரும் சொல்லவில்லை. அடுத்து 2025 செப்டம்பரில் பிரதமரான லெகோர்னு புதிதாக பட்ஜெட் போட வேண்டியிருந்தது, அதில் என்ன வந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். எப்படி இருந்தாலும் உங்கள் ஹவுஸ் ஓனர் கவலைப்பட வேண்டியது லைஃப் சர்டிபிகேட் பற்றித்தான். அதைக் காலத்தில் அனுப்பாவிட்டால் எந்தப் பிரதமர் இருந்தாலும் பென்ஷன் நின்றுபோகும். ஆன்லைனில் அனுப்பத் தெரியாவிட்டால் நீங்கள் மாடியில்தானே இருக்கிறீர்கள், கொஞ்சம் போட்டுக் கொடுங்கள். அவர் எந்தத் தேர்தலில் யாருக்குப் போட்டார் என்றும் கேட்டுச் சொல்லுங்கள். 2007இல் போட்டவராக இருந்தால் எனக்குத் தெரிந்தவராகத்தான் இருப்பார்.